பிரேக்கிங்கில் ‘சொந்த ஆட்டம்’ எப்படி உருவாகிறது?

வட்டமாக ஆட்கள் நிற்கிறார்கள். நடுவில் ஓர் இளைஞர் ஆடுகிறார். சுழற்சி சுத்தம், கால் வேகம் அபாரம். ஆனால் எதிரில் நிற்பவர் கைதட்டவில்லை. இரண்டு முன்னங்கைகளையும் நீட்டி, முதலை வாயைத் திறந்து மூடுவதுபோல் மேலும் கீழும் அடித்துக் காட்டுகிறார். ‘அடுத்தவன் ஆட்டத்தைக் கடிச்சு எடுத்துட்டு வந்திருக்கே’ என்று அர்த்தம். இதைப் பைட்டிங் என்பார்கள். ஆடியவர் தடுமாறி விழுந்திருந்தால்கூட இவ்வளவு மானம் போயிருக்காது.

பிரேக்கிங் என்ற ஹிப்-ஹாப் நடனத்துக்குப் (பிரேக் டான்ஸ் என்று பலர் அறிந்தது) புதிதாக வருகிறவர்கள் முதலில் குழம்புவது இங்கேதான். எல்லோரும் சிக்ஸ்-ஸ்டெப் என்ற அதே ஆறடி வட்டத்தைத்தானே போடுகிறார்கள்? எல்லோரும் முதுகில் உருண்டு விண்ட்மில் சுற்றுகிறார்கள், கைகளையும் தலையையும் தரையில் ஊன்றிப் பேபி ஃப்ரீஸில் உறைந்து நிற்கிறார்கள். அப்படியானால் எது பொதுச்சொத்து, எது திருட்டு? ஒரிஜினாலிட்டி வேண்டும் என்கிறார்களே, அதைப் பழகிக்கொள்ள முடியுமா, இல்லை பிறவியிலேயே வர வேண்டுமா?

பழகிக்கொள்ள முடியும். ஆனால் உட்கார்ந்து யோசித்தால் வராது. ஒரே அசைவை மாதக்கணக்கில் திரும்பத் திரும்பப் போடும்போது, போடுகிறவருடைய உடம்பு அதை எங்கே வளைக்கிறது என்று கவனித்தால் வரும். விடாமுயற்சியும் தனித்தன்மையும் இங்கே ஒரே பயிற்சியின் இரண்டு முனைகள்.

பிராங்க்ஸ் போட்டுவைத்த விதி

1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், 1520 செட்ஜ்விக் அவென்யூ என்ற அடுக்குமாடிக் கட்டடத்தில் சிண்டி கேம்ப்பெல் ஒரு பார்ட்டி வைத்தார். இசைத்தட்டு போட்டவர் அவருடைய அண்ணன் கிளைவ், அதாவது டிஜே கூல் ஹெர்க். ஹிப்-ஹாப்பின் பிறந்தநாளாக இன்று கொண்டாடப்படுவது அந்த நாள்தான். பாட்டில் பாடகர் ஓய்ந்து டிரம்ஸும் தாளமும் மட்டும் மிஞ்சும் சில நொடிகள் உண்டு. ஆடுபவர்கள் அந்த நொடிகளுக்காகவே காத்திருப்பதை ஹெர்க் கவனித்திருந்தார். அந்தத் துண்டுதான் பிரேக். ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை இரண்டு டர்ன்டேபிளில் வைத்து, ஒன்றில் பிரேக் முடிகிறபோது மற்றதில் அதே இடத்தை மறுபடி ஓடவிட்டு, சில நொடிகளை நிமிடக்கணக்கில் நீட்டும் முறை அவரிடமிருந்து பரவியது. அந்தப் பிரேக்குக்கு ஆடியவர்கள் பி-பாய், பி-கேர்ள் ஆனார்கள்.

இந்த ஏற்பாட்டைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தாளம் எல்லோருக்கும் ஒன்று. இடம் ஒன்று. ஆடுவது ஒருவர் பின் ஒருவராக, ஆளுக்கு அரை நிமிடம், ஒரு நிமிடம். மேடை, திரை, ஒத்திகை எதுவும் கிடையாது. பார்ப்பவரும் அடுத்து ஆடப்போகிறவரும் ஒரே ஆள். உங்களுக்கு முன்னால் ஆடியவர் செய்ததையே நீங்களும் செய்தால் வட்டம் தூங்கிவிடும். சைஃபர் என்று அழைக்கப்படும் இந்த வட்டம்தான் ‘உன்னுடையதைக் காட்டு’ என்ற விதியை எழுதியது. குழுக்கள் உருவாகி ஒன்றையொன்று சவாலுக்கு அழைத்தபோது விதி இன்னும் இறுகியது. 1977-இல் தொடங்கிய ராக் ஸ்டெடி க்ரூ, 1981-இல் நியூயார்க்கின் லிங்கன் சென்டர் கலை மையத்தில் டைனமிக் ராக்கர்ஸ் குழுவுடன் மோதியபோது அது பத்திரிகை, தொலைக்காட்சிக் கண்ணில் பட்டுப் பிராங்க்ஸுக்கு வெளியேயும் தெரியவந்தது.

வேடிக்கை என்னவென்றால், இந்த ஆட்டம் முழுக்க முழுக்க எடுத்தாளலால் ஆனது. குங்ஃபூ படங்களின் நிலைகள், லத்தீன் நடனங்களின் கால்வைப்பு, ஜிம்னாஸ்டிக்ஸின் சுழற்சி எல்லாம் உள்ளே வந்தன. கால்களை அகல விரித்துக் கைகளின்மேல் வட்டமடிக்கும் ஃப்ளேர், பாமல் ஹார்ஸ் என்ற ஜிம்னாஸ்டிக்ஸ் கருவியில் அமெரிக்கர் கர்ட் தாமஸ் பெயரெடுத்த அசைவு. வெளியிலிருந்து கொண்டுவந்து தரையில் இறக்கினால் பாராட்டு. பக்கத்தில் நிற்பவனிடமிருந்து எடுத்தால் முதலை வாய். இதில் முரண்பாடு இல்லை: முன்னதில் மாற்றும் வேலை இருக்கிறது, பின்னதில் இல்லை.

பொதுச்சொத்து எது?

ஆட்டத்தின் பாகங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நின்றபடி தாளத்துக்குக் காலெடுத்து வைப்பது டாப்ராக். அங்கிருந்து தரைக்கு இறங்குவது டிராப். கையும் காலும் தரையில் இருக்க வட்டமடிப்பது ஃபுட்வொர்க். தாளம் அடிக்கும் இடத்தில் ஓர் உருவத்தில் உறைந்து நிற்பது ஃப்ரீஸ். விண்ட்மில், ஃப்ளேர், தலையை ஊன்றிச் சுழலும் ஹெட்ஸ்பின் போன்ற தொடர் சுழற்சிகள் பவர் மூவ். இவற்றின் அடிப்படை வடிவங்களுக்கு ஃபவுண்டேஷன் என்று பெயர். அவை யாருடையதும் அல்ல. அவற்றைப் போடுவது பைட் ஆகாது. போடாமலிருப்பதுதான் சந்தேகத்தைக் கிளப்பும்.

தனிச்சொத்து என்பது வேறு வகை. ஒருவர் பல ஆண்டு உழைத்து உருவாக்கிய விசித்திரமான ஃப்ரீஸ், மூன்று நான்கு அசைவுகளை அவர் கோத்திருக்கும் வரிசை, தரைக்கு இறங்க அவர் கண்டுபிடித்த வழி, கையசைவும் முகபாவமும் சேர்ந்த பாத்திரம். இவற்றில் எதைப் பார்த்தாலும் ‘இது இன்னார் ஆட்டம்’ என்று ஒரு பெயர் நினைவுக்கு வருகிறதா? வந்தால் அது சிக்னேச்சர். அதை அப்படியே வட்டத்துக்குள் எடுத்துப்போகக் கூடாது.

இடையில் சாம்பல் நிறப் பகுதி ஒன்று உண்டு. வாக்குவாதம் நடப்பதெல்லாம் அங்கேதான். அடிப்படை அசைவைச் சற்று மாற்றி நூறு பேர் போடும் ஒரு வேரியேஷனை நீங்களும் போட்டால் யாரும் கை நீட்ட மாட்டார்கள். ஆனால் யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவும் மாட்டார்கள். சந்தேகம் வந்தால் ஒரு சோதனை போதும். நீங்கள் எடுத்தாண்ட அசைவை அதன் சொந்தக்காரர் முன்னிலையிலேயே போடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். அவர் ‘அட, இப்படியும் திருப்பலாமா’ என்று தலையாட்டுவார் என்றால் அது உங்களுடையதாகிவிட்டது. அதை ஃப்ளிப் பண்ணியாச்சு என்பார்கள். அவர் கண்ணாடியைப் பார்ப்பதுபோல் பார்ப்பார் என்றால் இன்னும் வேலை இருக்கிறது.

பயிற்சியறையில் மட்டும் யாரை வேண்டுமானாலும் நகலெடுக்கலாம். எல்லோரும் அப்படித்தான் கற்கிறார்கள். ஒரு வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, எடை எந்தக் கையில் விழுகிறது, எப்போது மாறுகிறது என்று பிரித்துப் பழகுவது நல்ல பாடம். பாடத்தை விடைத்தாளாக வட்டத்துக்குள் கொண்டுபோவதில்தான் தப்பு. முன்பெல்லாம் ஓர் அசைவு ஊர்விட்டு ஊர் போக ஒரு விஎச்எஸ் வீடியோ கேசட் தேவைப்பட்டது. இப்போது இரவு ஏற்றிய பதினைந்து நொடி வீடியோ காலையில் இன்னொரு கண்டத்தில் ஆடப்படுகிறது. பார்க்கும் எல்லோருக்கும் மூலம் தெரியும் என்பதால் மாட்டிக்கொள்வதும் அதே வேகத்தில்தான்.

ஒரு சிக்ஸ்-ஸ்டெப், பதினெட்டு வழிகள்

தனித்தன்மையை எங்கிருந்து தொடங்குவது? மிகச் சாதாரணமான இடத்திலிருந்து. சிக்ஸ்-ஸ்டெப் என்பது தரையில் ஆறு அடியில் ஒரு முழு வட்டம். தண்டால் நிலையில் ஆரம்பிக்கலாம், கால்கள் சற்று அகலமாக.

ஒன்று: வலது காலை உடம்புக்கு அடியில் முன்னால் வீசி இடப்பக்கம் கொண்டுவாருங்கள்; இடது கை தரையை விட்டு எழும், எடை வலது கைக்குப் போகும். இரண்டு: இடது பாதத்தை வலது முழங்காலுக்குப் பின்னால் கொண்டுவந்து வைத்து உட்காரும் நிலை. மூன்று: வலது காலை வெளியே எடுத்து அகலமாக வைத்தால் வயிறு மேலே பார்க்கும் நண்டு நிலை, கை பின்னால். நான்கு: இடது காலை வலது காலுக்கு முன்னால் குறுக்கே கொண்டுவந்து வையுங்கள், இப்போது இடது கை தரைக்கு, வலது கை மேலே. ஐந்து: வலது காலைப் பின்னால் நீட்டுங்கள். ஆறு: இடது காலையும் பின்னால் எடுத்தால் பழைய தண்டால் நிலை.

முதல் மாதத்தில் தவறு எங்கே வரும்? இடுப்பு தரையில் உரசும். அது கை நேராக இல்லாமல் மடங்கியிருப்பதாலும் எடையைப் பின்னால் வைப்பதாலும் வருவது. இடுப்பு ஒரு சாண் உயரத்தில் மிதக்க வேண்டும். குதிகாலில் இறங்கினால் ‘தட் தட்’ என்று சத்தம் வரும், அடுத்த அடி தாமதமாகும். பாதத்தின் முன்பகுதியில் இறங்க வேண்டும். இரண்டு கைகளையும் தரையிலேயே வைத்திருந்தால் வட்டம் நகராது, ஒரே இடத்தில் உழும். மூன்றாம் அடியில் எல்லோருக்கும் கண் தரையைப் பார்க்கும். நிமிர்ந்தால் தோளும் நிமிரும். இரண்டு திசையிலும் இடைவிடாமல் பத்துப் பத்து வட்டம், மூச்சு வாங்கினாலும் தாளம் தவறாமல் வருகிறவரை வேரியேஷன் பக்கம் போகாதீர்கள். அடிப்படை தள்ளாடினால் அதன்மேல் கட்டுவதும் தள்ளாடும்.

பத்து வட்டம் வந்துவிட்டதா? இனி ஒரு நேரத்தில் ஒன்றே ஒன்றை மாற்றுங்கள். வேறெதையும் தொடாதீர்கள்.

முதலில் தாளம். ஆறு அடியையும் சீராக வைக்காமல் மூன்றாவதில் ஒரு துடிப்பு நில்லுங்கள், நான்கையும் ஐந்தையும் ஒரே துடிப்பில் அடக்குங்கள். அசைவு அதேதான், ஆனால் பார்க்க வேறு ஆட்டம். பிரேக்கிங் இசை பெரும்பாலும் நிமிடத்துக்கு 100-க்கும் 130-க்கும் இடைப்பட்ட துடிப்பில் ஓடும். வேகம் மாறும்போது உங்கள் நிறுத்தம் எங்கே விழுகிறது என்றும் பாருங்கள்.

பிறகு தாங்கும் உறுப்பு. உள்ளங்கைக்குப் பதில் முன்னங்கை; இரண்டாம் அடியில் பாதத்துக்குப் பதில் முழங்கால்; ஓர் அடியில் கையே இல்லாமல். அடுத்தது உயரம்: மூன்றாம் அடியில் இடுப்பை மேலே தூக்கினால் என்ன, தோள் தரையைத் தொடும்வரை இறங்கினால் என்ன? அதற்கடுத்து திசை: நான்காம் அடியில் வந்த வழியே திரும்பினால்?

கடைசியாக, அதிகம் விளைவது வெளியேறும் வழியில். ஆறு அடிகளில் ஒவ்வொன்றிலும் நில்லுங்கள். அந்த நிலையிலிருந்து மூன்று விதமாக வெளியேறப் பாருங்கள்: ஒன்று எழுந்து டாப்ராக்குக்கு, ஒன்று ஒரு ஃப்ரீஸுக்கு, ஒன்று எதிர்த்திசையில் இன்னொரு ஃபுட்வொர்க்குக்கு. ஆறு மூன்று பதினெட்டு. எல்லாவற்றையும் வீடியோவில் எடுத்துவையுங்கள். ஆடும்போது அற்புதமாகத் தோன்றுவது திரையில் சப்பென்று இருக்கும், தடுமாற்றம் என்று நினைத்தது சில நேரம் பிரமாதமாக இருக்கும். பதினெட்டில் இரண்டு தேறினால் நல்ல வாரம். தேறியதற்கு அடையாளம் மூன்று: மறுநாளும் அதே மாதிரி போட வருகிறது, தாளத்தில் அதற்கென்று ஓரிடம் இருக்கிறது, உங்களுக்குத் தெரிந்த யாருடைய ஆட்டத்தையும் அது நினைவூட்டவில்லை.

இன்னொரு வழி, ஒரு கான்செப்ட்டைப் பிடித்துக்கொள்வது. த்ரெட் அப்படிப்பட்டது: கையால் காலைப் பிடித்து ஒரு வளையம் உண்டாக்கி, அந்த வளையத்துக்குள் இன்னொரு காலை நுழைத்து எடுப்பது. ஒரே ஒரு யோசனைதான். ஆனால் அதை டாப்ராக்கில், ஃபுட்வொர்க்கில், ஃப்ரீஸில், பவரில் எல்லாம் தேடிப் போனால் ஒரு முழு ஆட்டமுறை கிடைத்துவிடும். ஒரு மாதத்துக்கு ஒரு கான்செப்ட் என்று வைத்துக்கொள்வது நல்லது. வாரம் ஒன்று தாவினால் எல்லாமே அறிமுகத்தோடு நின்றுவிடும்.

உடம்பே முதல்

நீண்ட கால் உள்ளவருக்கு நெருக்கமான ஃபுட்வொர்க் கடினம், ஃப்ளேர் அழகாக விரியும். குட்டையானவருக்குச் சுழற்சி வேகம் எளிது. வளையும் முதுகு, வளையாத இடுப்பு, ஒரு பக்கம் மட்டும் வலுவான தோள் எல்லாமே மூலப்பொருள். இதற்குத் தெளிவான சாட்சிகள் இருவர். பிரான்ஸின் பி-பாய் ஜூனியருக்குச் சிறு வயதில் போலியோவால் ஒரு கால் பாதிக்கப்பட்டது. அவர் எடையைக் கைகளுக்கு மாற்றி, தரையிலிருந்து உடம்பையே தூக்கி நிறுத்தும் ஆட்டத்தை உருவாக்கினார். இரண்டு காலும் நன்றாக உள்ளவர்கள் அதைப் போட முடியாமல் திணறுகிறார்கள். கனடாவின் லூகா ‘லேசிலெக்ஸ்’ பட்டுவெல்லி மூட்டுகளைப் பாதிக்கும் பிறவிக் குறைபாட்டோடு பிறந்தவர். ஊன்றுகோல்கள் அவருடைய ஆட்டத்தில் கூடுதல் கைகள். உடல் வரம்புள்ள ஆட்டக்காரர்களை ஒன்றுசேர்த்து 2007-இல் இல்-எபிலிட்டீஸ் என்ற குழுவை அவர் தொடங்கினார்.

எனவே ‘என் உடம்புக்கு இது வரவில்லை’ என்று தோன்றும்போது இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேளுங்கள். பயிற்சி போதாததால் வரவில்லையா, அமைப்பே வேறாக இருப்பதால் வரவில்லையா? முதலாவதென்றால் தொடர வேண்டும். இரண்டாவதென்றால் வேறு வழியில் சுற்றிப் போக வேண்டும், அந்தச் சுற்றுவழியே உங்கள் பாணி. எது எது என்று தெரிய மூன்று மாதமாவது உழைக்காமல் தீர்ப்புச் சொல்ல முடியாது.

விண்ட்மில்: விடாமுயற்சிக்கு ஒரு பாடம்

தொடங்கி ஆறு மாதத்துக்குள் பெரும்பாலானோர் முட்டி நிற்கும் சுவர் விண்ட்மில். தோளிலும் மேல்முதுகிலும் உருண்டபடி, விரித்த கால்கள் காற்றில் சுற்ற, தொடர்ந்து சுழல்வது. ‘நூறு தடவை முயன்றால் வரும்’ என்று சொல்லிவிடுவார்கள். ஒரே தவறை நூறு தடவை செய்தால் தவறுதான் பழகும். பிரித்துப் பழக வேண்டும்.

முதல் பாகம் ஸ்டேப். முழங்கையை மடக்கி, அதன் முனையை இடுப்பெலும்புக்குச் சற்று உள்ளே வயிற்றில் ஊன்றி, அந்தக் கையின்மேல் உடம்பைத் தாங்குவது. மற்றக் கை துணைக்கு. பத்து நொடி, ஐந்து முறை. இரண்டாம் பாகம், அந்த நிலையிலிருந்து ஊன்றிய கையின் பக்கத் தோளில் மெதுவாகச் சரிந்து முதுகுக்கு உருள்வது; பத்து முறை, சத்தமில்லாமல். மூன்றாவது, மேல்முதுகில் கிடந்தபடி கால்களை ‘வி’ வடிவில் விரித்து வீசி, வீச்சின் இழுவையில் மறுபடி குப்புறத் திரும்பித் தலையும் கையும் ஊன்றும் நிலைக்கு வருவது. இதுதான் கடினமான பாதி. மூன்றும் தனித்தனியாக வந்தபின் ஒரு முழுச் சுற்று, பிறகு இரண்டு.

பிரச்சினைகள் பெரும்பாலும் நான்கில் ஒன்று. முதுகில் உருளும்போது கால்கள் மூடிக்கொள்கின்றன, வீச்சு செத்துவிடுகிறது. பயத்தில் முழங்கால் மடங்குவதும் இதே வகை. முதுகெலும்பு நெடுக உருண்டு இடுப்பு தரையில் உட்கார்ந்துவிடுகிறது. உருள வேண்டியது ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு, இடுப்பு தரையைத் தொடாமல். குப்புறத் திரும்பும்போது நெற்றியையும் கைகளையும் ஊன்றத் தயங்கினால் இடுப்பு விழும். ஸ்டேப் வயிற்றில் சரியாக உட்காராமல் வெளிப்பக்கம் நழுவினால் பாரமெல்லாம் மணிக்கட்டுக்கு ஏறும். இரண்டு வாரத்தில் மணிக்கட்டு வலி வந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். ஒரு நாளைக்கு இருபது முயற்சிக்குமேல் வேண்டாம். ஐந்துக்கு ஒருமுறை வீடியோ பார்த்து, நான்கில் எது என்று கண்டுபிடித்து, அடுத்த ஐந்தில் அதை மட்டும் திருத்துங்கள். தோளிலும் இடுப்பெலும்பிலும் சிராய்ப்பும் கன்றிப்போவதும் இருக்கும். முழுக்கை சட்டை, முழங்கால் பட்டை போட்டுக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வாரம் மூன்று நாள் பழகுபவருக்கு முதல் முழுச் சுற்று சில வாரங்களில் கிடைக்கலாம். வட்டத்துக்குள் பதற்றத்தோடு போட்டாலும் நிற்காத ஐந்து சுற்றுக்கு மாதங்கள் பிடிக்கும். இந்த இடைவெளியில்தான் பாதிப் பேர் விட்டுவிடுகிறார்கள்.

விடாதவர்களுக்கு ஒரு கூடுதல் லாபம் உண்டு. நீங்கள் தவறாக விழும் விதம் எப்போதும் ஒன்றாகவே இருந்தால், அந்த விழும் நிலையை ஆராயுங்கள். இடுப்பு விழுந்து உட்காருகிறதா? அந்த உட்காரும் இடத்திலிருந்து ஒரு ஃப்ரீஸுக்குப் போக முடியுமா? விண்ட்மில்லே அப்படித் தோன்றியதாகத்தான் சொல்வார்கள்: ராக் ஸ்டெடி க்ரூவின் க்ரேஸி லெக்ஸ் முதுகுச் சுழற்சியை நிறுத்தாமல் உருண்டுபோக விட்டதிலிருந்து அது வந்தது என்பது இந்தக் கலையில் பரவலாக ஏற்கப்பட்ட வரலாறு.

ஒன்றரை மணி நேரம் எப்படிப் போக வேண்டும்

வாரம் மூன்று நாள், ஒரு நாளுக்கு 90 நிமிடம் என்று வைத்துக்கொண்டால்: உடம்பைச் சூடாக்க 15, டாப்ராக் 15, ஃபுட்வொர்க்கும் அதன் மாற்றங்களும் 20, ஒரே ஒரு கடினமான பவர் அல்லது ஃப்ரீஸ் 25, முழுச் சுற்றாக ஆட 10, தளர்த்த 5. சூடாக்கும் நேரத்தில் ஐந்து நிமிடம் மணிக்கட்டுக்கு மட்டும்: நாலுகால் நிலையில் விரல்களை முன்பக்கம், பின்பக்கம், வெளிப்பக்கம் திருப்பி ஒவ்வொன்றிலும் அரை நிமிடம் எடையை மெல்ல ஆட்டுங்கள். முழுச் சுற்று என்பது 40 நொடி ஆட்டம், ஒரு நிமிடம் ஓய்வு, ஐந்து முறை. நடுவில் நிறுத்தித் திருத்தக் கூடாது. தனித்தனியாக எல்லாம் வந்தும் வட்டத்தில் வராமல் போவதற்கு இந்தப் பத்து நிமிடத்தைத் தவிர்ப்பதே காரணம்.

டாப்ராக்குக்குப் பதினைந்து நிமிடம் என்றதும் முகம் சுளிப்பவர்கள் உண்டு. எல்லோருக்கும் சுழல்வதில்தான் ஆசை. ஆனால் தனித்தன்மை மிகச் சீக்கிரம் வெளிப்படுவது டாப்ராக்கில்தான், ஏனென்றால் அதற்குத் தசைபலம் தடையில்லை. ஒரு காலைக் குறுக்கே முன்னால் வைத்து, கைகளை மார்புக்குக் குறுக்கே வைத்துத் திறந்து, திரும்பி வந்து மறுபக்கம் போடும் எளிய அடியையே இருவர் போட்டால் முற்றிலும் வேறு ஆட்களாகத் தெரிவார்கள்.

தசைவலி இரண்டு மூன்று நாளில் போகும். ஒரே புள்ளியில் குத்தும் வலி, காலையில் உள்ளங்கையை ஊன்றினால் திரும்பும் வலி, வீக்கம், மரத்துப்போதல் இவற்றில் எதையும் விடாமுயற்சி என்ற பேரில் தாங்கக் கூடாது. நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள். அந்த நாட்களில் டாப்ராக்கும் இசை கேட்பதும் இருக்கவே இருக்கின்றன. ஹெட்ஸ்பின்னை கழுத்துத் தசை பலப்பட்ட பிறகே தொடங்க வேண்டும், கொஞ்ச நேரமே செய்ய வேண்டும். 19 ஆண்டு ஹெட்ஸ்பின் போட்ட ஒருவருக்கு உச்சந்தலையில் கட்டி வளர்ந்து அறுவைசிகிச்சை செய்ததை 2024-இல் ஒரு மருத்துவ இதழ் பதிவு செய்தது.

நீண்ட ஓட்டம் எப்படி இருக்கும் என்பதற்கு தென்கொரியாவின் பி-பாய் ஹாங் 10 சாட்சி. ஒருவருக்கொருவர் மோதும் ரெட் புல் பிசி ஒன் என்ற பிரேக்கிங் போட்டியின் உலகப் பட்டத்தை 2006-இல் வென்றார், 2013-இல் மறுபடி வென்றார், 2023-இல் மூன்றாவது முறை. முதலுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே 17 ஆண்டு. அவர் பெயரிலேயே அழைக்கப்படும் ஒரு ஃப்ரீஸ் உண்டு. அதை அப்படியே வைத்துக்கொண்டிருக்காமல், அதற்குள் போகும் வழியையும் வெளியேறும் வழியையும் மாற்றிக்கொண்டே இருப்பவர். சொந்தச் சரக்கையே திரும்பத் திரும்பக் காட்டினால் அதையும் ரிப்பீட் என்று கையசைத்துக் காட்டிவிடுவார்கள்.

நடுவர் தராசில்

2024 ஆகஸ்ட் 9, 10 தேதிகளில் பாரிஸ் ஒலிம்பிக்கில் பிரேக்கிங் முதன்முறை இடம்பெற்றது. ஒன்பது நடுவர்கள், டெக்னிக் (நுட்பம்), வொகாபுலரி (அசைவுகளின் வகை வளம்), எக்ஸிக்யூஷன் (சுத்தமாகச் செய்வது), மியூசிகாலிட்டி (இசையோடு இணைவது), ஒரிஜினாலிட்டி (தனித்தன்மை) என்று ஐந்து அளவுகோல், ஒவ்வொன்றுக்கும் 20 விழுக்காடு. என்ன பாட்டு வரும் என்பது டிஜே கையில். ஆடுபவருக்கு முன்கூட்டித் தெரியாது. எனவே மனப்பாடமான வரிசை ஓரளவுக்கே உதவும். தங்கம் வென்றவர்கள் ஜப்பானின் அமி, கனடாவின் பில் விசார்ட்.

அதே போட்டியில் ஆஸ்திரேலியாவின் பி-கேர்ள் ரேகன் மூன்று மோதலிலும் (ஒன்பது நடுவர், இரண்டு சுற்று, மொத்தம் 18 ஓட்டு) 18-0 என்று தோற்றதை இணையம் வாரக்கணக்கில் கேலி செய்தது. அவருடைய கங்காரு பாணி அசைவுகள் வேறு யாரிடமிருந்தும் எடுத்தவை அல்ல. தலைமை நடுவரும் புதியதைக் கொண்டுவரும் முயற்சியை மதித்தே பேசினார். ஆனால் ஐந்தில் ஒன்று மட்டும் உயர்ந்து மற்ற நான்கு எதிராளியிடம் போய்விட்டால் ஓட்டு விழாது. கேலியைவிட இந்தக் கணக்கு கற்பவருக்கு உபயோகமானது: பாணியைத் தேடும் மாதங்களிலும் ஃபவுண்டேஷன் நிமிடங்களைக் குறைக்காதீர்கள்.

முதல் முறை வட்டத்துக்குள்

முழுமையடையும்வரை காத்திருக்க வேண்டாம். டாப்ராக், ஒரு டிராப், நாலு சிக்ஸ்-ஸ்டெப், அதில் உங்களுடைய ஒரே ஒரு மாற்றம், முடிவில் ஒரு ஃப்ரீஸ். 30 நொடி போதும். உள்ளே ஒருவர் ஆடும்போது குறுக்கே நுழையாதீர்கள். அவர் வெளியேறும் கணத்தில் விளிம்பிலிருந்து டாப்ராக்கோடு நுழையுங்கள். இருவர் ஒரே நேரத்தில் நுழைந்துவிட்டால் பின்னால் வந்தவர் ஒதுங்குவதுதான் மரியாதை. பயிற்சியில் பத்துக்கு எட்டு முறை வராத பவர் மூவை இங்கே போட வேண்டாம்.

போட்டும் விழுந்துவிட்டால், அதற்கு க்ராஷ் என்று பெயர். எதிராளி தரையில் கையைத் தட்டிக் காட்டுவார். எழுந்து தலையைச் சொறிந்துகொண்டு வெளியேறாதீர்கள், மன்னிப்புச் சிரிப்பும் வேண்டாம். விழுந்த நிலையிலேயே அடுத்த துடிப்பு வரை இருந்து, தெரிந்த ஒரு ஃபுட்வொர்க்கில் ஒரு வட்டம் போட்டு, பேபி ஃப்ரீஸில் முடித்து வெளியே வாருங்கள். இதையும் பயிற்சியறையில் பழகலாம்: ஐந்து சுற்றில் ஒன்றில் வேண்டுமென்றே விழுந்து, அங்கிருந்து ஆட்டத்தைத் தொடருங்கள்.